கூட்டித் துடைத்த பிறகுதான் பொட்டு

புது மடிக்கணினியைத் திறந்தவுடன் அது எனக்கு வணக்கம் சொன்னது. அதற்குப் பிறகு வாயை மூடவேயில்லை. வைரஸ் வரப்போகிறது, காசு கட்டினால் காப்பாற்றுகிறேன் என்றது ஒன்று. கொஞ்ச நாளைக்குப் படம் இலவசம் என்றது இன்னொன்று. நான் கேளாத விளையாட்டுகள் வேறு வரிசை கட்டி நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் இருந்திருந்தால், தேத்தண்ணி ஆறுவதற்குள் எல்லாம் வெளியே போயிருக்கும்.

இவர் என்றால் என் கணவர். போன வருஷக் குளிரோடு போய்விட்டார். அன்றிலிருந்து மகளுக்கு ஒரே கதைதான்: லண்டன் மோர்டனில் இருக்கிற இந்த வீட்டை விற்றுவிட்டு நான் மான்செஸ்டருக்கு வந்து தன்னோடு இருக்கட்டாம். அங்கே படிக்கப் போனவள் வேலையும் எடுத்து அங்கேயே தங்கிவிட்டாள். எனக்குப் பிறத்தியார் வீட்டில் இருந்தது போதும், மகள் வீடானாலும். மடிக்கணினி வாங்கியதைச் சொன்னதும், தொட வேண்டாம், சனிக்கிழமை தான் வந்து சரிசெய்து தருகிறேன் என்றாள். நான் செய்வேன் என்றேன். சொன்னேனே தவிர, எங்கே தொடங்குவது என்றே தெரியாது. இதற்கும் அவளைக் கூப்பிட்டேனென்றால், வாசலில் விற்பனைப் பலகை நட்ட மாதிரிதான்.

நாங்கள் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஈஸ்ட் ஹாமில் ஒரு மேல்மாடி அறையில் இருந்தோம். தளபாடத்தோடு வாடகைக்கு என்பார்கள். தளபாடம் என்றால், வீட்டுக்காரர் எறிய மனமில்லாமல் விட்டதெல்லாம். பூட்டிய அலுமாரி ஒன்று பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றது. கட்டிலுக்கு மேல் வேட்டைநாய்களின் படம். அதைக் கழற்றக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பிள்ளையார் படத்தை நாய்களுக்குக் கீழே, கதிரையில் சாய்த்து வைத்துத்தான் கும்பிட்டோம். அடுத்தடுத்த வீடுகளிலும் அதே கதைதான். மகள் நடக்கப் பழகியதுகூட யாரோ ஒருவருடைய மேசையைப் பிடித்து.

கடைசியில் மோர்டனில் இந்த வீட்டை வாங்கினோம். பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்து வந்தால், இவர் ஏணியை வைத்துக்கொண்டு பழைய ஆட்களின் திரைச்சீலைகளைக் கழற்றுகிறார். நேரம் போகிறது என்று நான் கத்த, "முதல்லை கூட்டித் துடைப்பம். பிறகு பொட்டு வைக்கலாம்" என்றார். யன்னலில் சீலை இல்லாமல், தெருவே பார்க்கத்தான் நாங்கள் பால் காய்ச்சினோம். முன்வீட்டு வெள்ளைக்கார மனிசி கை காட்டினா. எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

முதல் கணினி வந்தபோதும் அப்படித்தான். மூடியில் பொட்டு வைக்கக் குங்குமத்தோடு போனேன். மனிசன் தடுத்துவிட்டார். "காசு குடுத்தது நாங்கள், குடியிருக்கிறது அவங்களோ?" என்று, அதோடு கூட வந்த வேண்டாத புரோகிராம்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். பிறகு சொந்தக்காரர் யார் புதிதாக வாங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை இவருக்கு அழைப்பு வரும். மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும்தான் கூலி. நான் பக்கத்தில் இருந்து ஊர்க்கதை கேட்டேனே தவிர, திரையைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் எல்லாருக்கும் சொல்கிற ஒன்று காதில் விழுந்திருந்தது.

"பேர் விளங்காததைத் தொடாதையும். இனிக்க இனிக்கப் பேர் வைச்சிருக்கிறதைத் தூக்கும்."

அதை வைத்துக்கொண்டே சனிக்கிழமைக்குக் காத்திராமல் ஒரு காலையில் தொடங்கினேன். செட்டிங்ஸுக்குள் போனால் எல்லாம் வரிசையாக இருந்தன. விளையாட்டுகள் சொன்னவுடன் போய்விட்டன. படம் காட்டுகிறதும் போனது. வைரஸ் காவல்தான் கல்யாண வீட்டுச் சித்தி மாதிரி, போகவா போகிறாய், ஏன் போகிறாய், இன்னும் கொஞ்சம் இரு என்று மறித்துக்கொண்டே இருந்தது. கணினிக்குள் சொந்தமாக ஒரு காவல் இருக்கிறது, இது வாசலில் நின்று காசு கேட்கிற காவல் என்று இவர் சொல்வது நினைவில் இருந்தபடியால் நான் மசியவில்லை, அதையும் தூக்கினேன். கணினி அணைந்து திரும்ப எழும்பும் வரைக்கும் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழும்பியது. சத்தம் இல்லை.

மூலையில் வானிலை காட்டுகிற சின்னச் சதுரம் மட்டும் மிச்சம். லண்டனில் மேகமூட்டம் என்றது. அதையும் தூக்கப் போனேன். கை ஓடவில்லை.

ஊர் முழுக்கத் துப்புரவாக்கிய மனிசன் எங்கள் பழைய கணினியில் இதை மட்டும் விட்டு வைத்திருந்தார். அதில் லண்டன் இருக்காது, மான்செஸ்டர் இருக்கும். காலையில் எழும்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தீட்டுவார். பிறகு மகளுக்குப் போன் எடுத்து மழையா வெயிலா என்று சொல்வார். அவளுக்கு யன்னல் இல்லையோ என்று நான் பகிடி பண்ணுவேன். அவளும் சலித்துக்கொள்வாள். இவர் ஒரு நாளும் விட்டதில்லை. அந்தக் காலைச் சத்தத்தைத்தான் இந்த வீட்டில் நான் தேடித் திரிகிறேன்.

லண்டனை எடுத்துவிட்டு மான்செஸ்டரைப் போட, மற்ற எல்லாவற்றையும் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் எடுத்தது. பிறகு மூடியில் பொட்டு வைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை எந்த ரயிலில் வரட்டும் என்று இங்கிலீஷில் கேட்டாள். எல்லாம் துப்புரவாக்கியாயிற்று என்றேன். போனை வைக்கப் போன நேரம், என் வாயில் தன்பாட்டில் வந்துவிட்டது.

"பிள்ளை, பின்னேரம் அங்கை மழையாம். குடையைக் கொண்டு போ."

என்னோடு தமிழில் பேசப் பஞ்சிப்பட்டு இங்கிலீஷிலேயே கதைக்கிறவள், "ஓம் அம்மா. கொண்டு போறன்" என்றாள். வீட்டை விற்கிற கதை அன்றைக்கு வரவில்லை.

அடுத்த நாள் காலை, வேலைக்கு வெளிக்கிட முன் அவளே போன் எடுத்தாள். "அம்மா, இண்டைக்கு இஞ்சை மழையோ?" என்று கேட்டாள்.