குழாயின் முதுகுப் பக்கம்

கள்ளக்குறிச்சியில் இறங்கி, சின்னசேலம் பக்கம் போகிற எந்த பஸ்ஸிலும் ஏறி, ‘மைக்செட் செல்லமுத்து வூடு’ என்று கேட்டால் போதும். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரர் வழி சொல்லிவிடுவார். நைனார்பாளையத்தைச் சுற்றி இருபது ஊருக்கு அப்படி ஒரு பெயர். அந்தப் பெயரை அவனுக்கு அப்பன் சேர்த்து வைக்கவில்லை, யாரும் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டது. ஆனால் பெரிய படிப்புப் படித்தவன் எழுதிய பாட்டு நோட்டுக்குள் கிடந்து செல்லரிக்கிறது. செல்லமுத்து கட்டிய பாட்டை நடவு நடுகிறவள் பாடுகிறாள். இதில் யார் கெட்டிக்காரன் என்று படித்தவர்களே சொல்லட்டும்.

பதினெட்டு வயதில் கள்ளக்குறிச்சியில் ஒரு மைக்செட் கடையில் ஒயர் சுற்றப் போனான். ஏழு வருசம் சுற்றினான். எட்டாவது வருசம் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றும், மரத்தில் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி இரண்டும் அவனுக்குச் சொந்தம். எவ்வளவு உயர மரமானாலும் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு அவனே ஏறுவான். ஏணி கேட்டதில்லை. கீழே விழுந்ததும் இல்லை.

அதுவரைக்கும் அவன் இசைத்தட்டுப் போடுகிறவன்தான். பாட்டுக்காரன் ஆனது வெள்ளிமலையில். எழுபத்தாறாம் வருசம், ஆடி மாசம், மலைத் திருவிழா. ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் எகிறிக் குதித்ததில் இசைத்தட்டுப் பெட்டி கவிழ்ந்து, முக்கால்வாசித் தட்டு அப்பளமாகிவிட்டது. கரியாலூரிலிருந்தெல்லாம் கைக்குழந்தையோடு நடந்து வந்திருந்த சனம் பாட்டு எங்கே என்று நிற்கிறது. செல்லமுத்து ஒரு நிமிசம் யோசித்தான். பிறகு மைக்கை எடுத்துத் தன் வாய்க்கே வைத்துக்கொண்டான்.

“வளைஞ்சி வளைஞ்சி ஏறுது வண்டி வெள்ளி மலைக்கு – என்
வவுத்துல இருந்த பழைய சோறு வந்துது தலைக்கு!”

மலை சிரித்தது. எதிர் மலையும் சிரித்தது. அன்றைக்கு வாய் திறந்தவன் பத்து வருசம் மூடவில்லை. மலையிலிருந்து பலாப்பழம் வரும், சாமை அரிசி வரும், ‘எங்க ஊரு பேர வச்சி ஒரு பாட்டு’ என்று துண்டுச் சீட்டு வரும். சீட்டு மேடைக்கு வந்த ஐந்தாவது நிமிசம் பாட்டு கிளம்பிவிடும். பார்த்தவர்கள், “இவனுக்கு நாக்குல யாரோ எழுதி வச்சிருக்காங்க” என்றார்கள். செல்லமுத்துவும், “ஆமா, அதுபாட்டுக்கு வருது” என்று மார்பைத் தட்டிக்கொள்வான்.

அதுபாட்டுக்கு ஒன்றும் வரவில்லை. அந்த ரகசியம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

வெள்ளிமலையில் அன்றைக்கு, மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற வந்திருந்த ஒருத்தன் பேட்டரியைத் தூக்க ஒரு கை கொடுத்தான். செல்லமுத்துவின் சொந்த ஊர்தான். ஏரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதாகோயில் தெரு. பெயர் இன்னாசி. தூக்கி வைத்துவிட்டு ஆம்ப்ளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒயர் சுற்றுகிற மரக்கட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். முதல் வரிக்கு அவன் வலது கால் பெருவிரல் ஆடியது. மூன்றாம் வரியில் நின்றது. செல்லமுத்துவுக்குச் சுருக்கென்றது. வரியை மாற்றினான். விரல் மறுபடி ஆடியது.

அன்றிலிருந்து எந்த ஊர்த் திருவிழாவுக்கு மைக்செட் கட்டினாலும், லோடு முடிந்ததும் இன்னாசி வந்துவிடுவான். மற்ற சனத்தோடு உட்கார மாட்டான். கோயில் பக்கம் அவனுக்கு இடமும் இல்லை. பெட்டி ஓரத்தில் உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, மைக்செட் ஆள் என்று விட்டுவிடுவார்கள். ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். செல்லமுத்துவின் கண் அந்தக் கால் விரலில்தான் இருக்கும். கைதட்டு பழக்கத்தில் வரும். அந்த விரல் பொய் சொல்லாது. இதை அவன் இன்னாசியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் பெயர் என்ன ஆகும்?

எண்பத்தேழாம் வருசம் வந்தது. படிப்புக்கும் வேலைக்கும் தனி ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டமெல்லாம் செல்லமுத்துவின் சாதிச் சங்கம் கிளம்பிய வருசம். புரட்டாசி பிறந்ததும் ஒரு வாரம் சாலை மறியல் என்று முடிவாகி, ஊரெல்லாம் அதே பேச்சு. செல்லமுத்துவின் மகன் இளஞ்செழியன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அந்த வம்சத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவன். ஆகவே கோரிக்கை செல்லமுத்துவுக்கு வெறும் கோரிக்கை இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்கிற கோரிக்கை.

ஊர்ச் சங்கச் செயலாளர் ஆதிமூலம், அவனுக்கு மாமன் முறை, வாசலில் வந்து நின்றார்.

“மாப்ள, மறியலுக்கு முந்தின ஞாயித்துக்கெழம கூட்டம். நீ ஒரு பாட்டு கட்டற. கேட்டவன் வூட்ல படுக்கக் கூடாது, ரோட்ல வந்து ஒக்காரணும்.”

“கட்டிட்டாப் போச்சு மாமா. இன்னா பெரிய வேல?”

நாலு நாளில் கட்டிவிட்டான்.

“காடு கழனி திருத்துன கையி, கரும்பு வெட்டுன கையி – ஒரு
காலேஜு வாசப் படியில மட்டும் கட்டிக் கெடக்குது கையி!”

இதோடு நிறுத்தியிருக்கலாம். டீக்கடையில் பாடியபோது நாலு பேர், “இன்னும் கொஞ்சம் காரமா வையி” என்றார்கள். வைத்தான்.

“நேத்து வரைக்கும் குனிஞ்சி நின்னவன் நாற்காலியில ஆபீசரு – அவன்
நீட்டுற தாளுல கையெழுத்துக்கு நாங்க வரிசையில நிக்கிறோம் சாரு!”

டீக்கடை கூரை பறந்தது. மூன்று தரம் பாடச் சொன்னார்கள். சாயந்திரத்துக்குள் ஊருக்கே மனப்பாடம்.

ஆனால் செல்லமுத்துவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறதா என்றே தெரியவில்லை. ஒதுக்கீட்டுப் பேச்சு சூடான ஒரு மாதமாக மாதாகோயில் தெரு ஆட்கள் யாரும் இந்தப் பக்கம் வருவதில்லை. இன்னாசியும் வரவில்லை. பெட்டி ஓரத்து ஒயர்க் கட்டை காலி. அந்த விரலைப் பார்க்காமல் இதுவரை அவன் மேடையில் பாடியதே இல்லை. கூட்டத்தில் பாட்டு விழுந்துவிட்டால் பத்து வருசப் பெயர் ஒரே நாளில் போகும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, வாய்க்காலைத் தாண்டிப் போனான். சொந்த ஊரில் அந்தத் தெருவுக்குள் அவன் கால் வைத்தது அன்றைக்குத்தான் முதல் தரம்.

இன்னாசி வாசலில் உட்கார்ந்து லோடு தூக்குகிற சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தான். பதறி எழுந்தான்.

“பாட்டுக்காரரே! சொல்லி அனுப்பிச்சா நான் வரமாட்டனா?”

“ஒக்காரு, ஒக்காரு. ஒரு பாட்டு. கேட்டுட்டுச் சொல்லு.”

நின்றபடியே பாடினான். ‘கட்டிக் கெடக்குது கையி’ என்ற இடத்தில் விரல் ஆடியது. செல்லமுத்துவுக்கு உயிர் வந்தது. அந்த உற்சாகத்தில் அடுத்த வரியையும் அதே ராகத்தில் இழுத்துப் பாடினான். யார் முன்னால் எதைப் பாடுகிறோம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. கண்ணெல்லாம் விரலில்.

விரல் நின்றது.

“ஏன், மெட்டு இடிக்குதா?”

“மெட்டு சரியாத்தான் கீதுங்க.” இன்னாசி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தான். “அந்த ஆபீசரு யாருங்க? எங்க தெருவுல நாற்காலியே மூணுதான் கீது. ஒண்ணு சாமியாரு வந்தா ஒக்கார்றது. ஒண்ணுக்குக் காலு இல்ல.”

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் பெண்சாதி ஆனந்தமேரி சிரித்துவிட்டாள்.

“உன்னச் சொல்லலடா, பொதுவா…”

“பொதுவாவே சொல்றேங்க. மாதாகோயிலுக்குப் போறவங்களுக்கு அந்த எஸ்.சி. சலுக கெடையாது. எம் மச்சான் சர்ட்டிபிகேட்டுக்குப் போனப்போ, ‘பிற்பட்டவன்’னு எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. ஒங்க வரிசையிலதாங்க நாங்களும் நிக்கிறோம். ஒங்களுக்குப் பின்னால நிக்கிறதால தெரியல. கேளுங்க, வாங்குங்க, ஒங்க புள்ள படிக்கட்டும். நாங்க வேணாம்னா சொன்னோம்?”

ஏதாவது பேசவேண்டுமே என்று செல்லமுத்து, “சரி, நாளைக்கு எம் பாட்டு இங்க வரைக்கும் கேக்குமே, சங்கடமா இருக்குமேன்னு…” என்று இழுத்தான்.

“கேக்காதுங்க,” என்றாள் ஆனந்தமேரி.

“இன்னாது?”

“என்னைக்குக் கேட்டுது? ஒரு கொழா ஊரப் பாத்துக் கட்டுறீங்க, ஒண்ணு பக்கத்து ஊரப் பாத்து. எங்களுக்கு அது முதுவு. ‘ஓ’ன்னு ஒரு எரைச்சல் வரும், ஒரு வார்த்த பிரியாது. அதுக்குத்தான் இந்த மனுசன் லோடு தூக்குன ஒடம்போட அங்க வந்து பொட்டிகிட்ட குந்திக்கினு கெடக்குறாரு.”

செல்லமுத்து அண்ணாந்து பார்த்தான். கரும்புத் தோட்டத்துக்கு மேலே ஊர்ப் புளியமரம் தெரிந்தது. பத்து வருசமாக அவனே ஏறி, அவன் கையாலேயே கட்டிய குழாய்கள். என் பாட்டு நுழையாத தெரு இந்த வட்டாரத்தில் இல்லை என்று எத்தனை மேடையில் சொல்லியிருப்பான்! பக்கத்து ஊர்க்காரன் வயிறு எரியட்டும் என்று ஒரு குழாய். சொந்த ஊரில் ஒரு தெருவுக்கு வெறும் முதுகு. திருவிழாக் கமிட்டி சொன்ன திசையில் கட்டினேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மரம் ஏறியது கமிட்டி இல்லையே.

திரும்பி வருகிற வழியில், வாய்க்கால் மேட்டில், வேறு ஒரு வரி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் புளியமரம் ஏறினான். பக்கத்து ஊருக்கான குழாயை அவிழ்த்து, மாதாகோயில் தெருவைப் பார்த்துத் திருப்பிக் கட்டினான். கீழே ஆதிமூலம்.

“இன்னா மாப்ள, கொழா அந்தப் பக்கம் பாத்துக்கினு கீது?”

“பக்கத்து ஊருக்காரன் பூரா நம்ம கூட்டத்துல கீறான். அங்க யாரு கீறா கேக்க, கோழியா?”

“தெருக்காரங்க கேட்டா இன்னா ஆவும்? அந்த நாற்காலி வரி…”

“அத எடுத்துட்டேன் மாமா.”

“அட பாவி! அதுக்குத்தானே சனம் வந்துகினு கீது!”

உண்மைதான். ஐந்து ஊர் சனம். செல்லமுத்து பாடினான். ‘கையி’ என்று அவன் நிறுத்தியதும் கூட்டம், “நாற்காலி! நாற்காலி!” என்று கத்தியது. அவன் பாட்டில் வளர்ந்த சனம்; அவனைத் தோளில் தூக்கிய சனம். அவன் வாய் திறக்காததைப் பார்த்து அவர்களே அந்த வரியை எடுத்துப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அதைத் தடுக்க யாரால் முடியும்?

ஆனால் ஆம்ப்ளிபயர் அவனுடையது. மைக் அந்த வரியைப் பிடிப்பதற்குள் குனிந்து, சத்தம் குறைக்கிற திருகைத் திருப்பினான். இரண்டு குழாயும் ஊமையாகிவிட்டன. கூட்டம் வெறும் வாயால் பாடி, தானே கைதட்டி ஓய்ந்தது. அந்த வரி மரத்தைத் தாண்டிப் போகவில்லை. திருகை மறுபடி ஏற்றினான்.

“ஏறி மிதிக்க ஏணி கேக்கல, எடந்தான் கேக்குறோம் சாமி – பக்கம்
இருக்குற ஆளத் தள்ளி விடாம ஒக்காரக் கொஞ்சம் பூமி!”

பாதிப் பேர் கைதட்டினார்கள். பாதிப் பேர் எழுந்து வேட்டியை உதறினார்கள். “விலை போயிட்டான்டா” என்று ஒரு குரல். பெட்டி ஓரத்தில் விரலும் இல்லை. பாட்டு நின்றதா விழுந்ததா என்று தெரியாமல் ஒருத்தன் மேடையில் நிற்பது எவ்வளவு கொடுமை என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

மறியல் வாரத்தில் ரோட்டுக்குக் குறுக்கே போட அந்தப் புளியமரமும் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் அவன் பாட்டைப் பாடிக்கொண்டுதான் வெட்டினார்கள். நாற்காலி வரி, ஏணி வரி இரண்டையும் பாடினார்கள். செல்லமுத்துவும் ஏழு நாளும் ரோட்டில் உட்கார்ந்தான். இரண்டு வருசம் கழித்து ஒதுக்கீடு வந்தது. இளஞ்செழியன் வாத்தியார் டிரெயினிங் சேர்ந்தான். இரண்டு திருவிழாக் கமிட்டிகள் மட்டும் செல்லமுத்துவைக் கூப்பிடுவதை நிறுத்தின. நிறுத்தட்டும், வெள்ளிமலை கூப்பிட்டது.

சொந்த ஊரில், மரம் போன இடத்தில் மூங்கில் நட்டு அதில் குழாய் கட்டினான். ஒன்று ஊருக்கு, ஒன்று மாதாகோயில் தெருவுக்கு. மறியலுக்குப் பிறகு வந்த தைத் திருவிழாவில் புதுப் பாட்டு இரண்டு பாடினான். ஒயர்க் கட்டையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தான். கோபமெல்லாம் ஆறியிருக்குமே, வரவேண்டியதுதானே? இன்னாசி வரவில்லை.

விடிந்ததும் வாய்க்காலைத் தாண்டினான்.

“ஏன்டா வரல?”

“இன்னாத்துக்குங்க வரணும்? வாசல்லயே கேக்குது. வார்த்த வார்த்தயா கேக்குது. வேலைக்குப் போய் வந்து, கால நீட்டிக்கினு, சோறு தின்னுக்கினே கேட்டேன்.”

பத்து வருசமாக யாரிடமும் சொல்லாததைச் செல்லமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ஒங் கால் விரலப் பாத்துத்தான்டா நான் பாட்டு கட்டுனேன். நீ அங்க இல்லன்னா எனக்கு ஒண்ணும் புரியல.”

இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தான். “அடக் கடவுளே! அங்க பொட்டிக்குக் கீழ கொசு பாட்டுக்காரரே! கடி தாங்காம ஆட்டுனது!”

“பொய்யி சொல்றாரு. தூக்கத்துல பாட்டு கேட்டாக்கூட ஆடுது,” என்றாள் ஆனந்தமேரி உள்ளேயிருந்து.

இது உண்மையா அது உண்மையா என்று செல்லமுத்து கேட்கவில்லை. வாசல் மண்ணில், அந்தக் காலுக்கு எதிரே உட்கார்ந்தான். மைக் இல்லாமல், குரலைத் தாழ்த்தி, முந்தின நாள் பாடிய புதுப் பாட்டை முதலிலிருந்து எடுத்தான். முதல் வரிக்கு விரல் ஆடியது. இரண்டாவதுக்கும் ஆடியது. நாலாவது வரியில் நின்றது.

அந்த வரியை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டே அவன் வாய்க்கால் மேட்டில் வீடு திரும்பினான். அடுத்த திருவிழாவுக்கு மறுநாள் காலையும் போனான். அதற்கடுத்த திருவிழாவுக்கும்.