டாக்டர் காரில் ஒரு விசில்

திண்டுக்கல்லில் அந்த நாளில் காருக்கு ரேடியோ மாட்டுகிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். யார் மாட்டினாலும் ரேடியோ பாடும். வண்டியை ஸ்டார்ட் செய்த பிறகும் இரைச்சல் இல்லாமல் பாட வேண்டுமென்றால்தான் மூக்கையாவைத் தேடி வருவார்கள். இன்ஜினில் பொறி அடிக்கும் ஒவ்வொரு அடியும் ரேடியோவில் படபடவென்று வந்து விழும். டைனமோ சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி ஒரு விசில் ஏறி இறங்கும். எந்தச் சத்தம் எங்கிருந்து கிளம்புகிறது என்று பிடித்து, அந்த இடத்தில் கட்டைவிரல் தடிமனில் ஒரு கண்டென்சரை மாட்டி அடக்குவதுதான் வேலை. இதற்கு மீட்டர் பிரயோஜனப்படாது. காது வேண்டும்.

மூக்கையாவுக்குக் காது இருந்தது. சித்தையன்கோட்டைப் பக்கம் நெல் விளைவித்த குடும்பம். பதினெட்டு வயதில் டூரிங் டாக்கீஸில் பெட்டி தூக்கப் போனவர், ஆம்ப்ளிபயரைத் திறந்து திறந்து பார்த்தே தொழிலைப் படித்தார். உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஓடுகிற ரேடியோவின் வால்வைப் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டுவார்; ஸ்பீக்கரில் கேட்கும் சத்தத்தை வைத்து, இது தீபாவளி வரை தாங்கும், இது தாங்காது என்பார். அநேகமாக அப்படியே நடக்கும். வேலை முடிந்த வண்டிக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். தான் கேட்டுப் பார்க்காத ஒரு செட்டை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் இருமலோடு ரத்தம் வந்தது. டாக்டர் அருள்நாதன் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துக் காசம் என்றார். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, நாள் தவறாமல். ஊருக்கு விஷயம் தெரிய ஒரு வாரம்கூட ஆகவில்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் காசக்காரன் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பதை யார் ஒத்துக்கொள்வார்கள்? கடைக்கு வந்துகொண்டிருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக மற்ற இரண்டு பேரிடம் போய்விட்டன. கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் அவர் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வீடுகளிலிருந்து எப்போதாவது வரும் பழைய ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஒச்சாயி நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள்.

மாசியில் ஒரு காலை, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்பியவரை டாக்டர் கூப்பிட்டு நிறுத்தினார். அவருடைய கார் நாற்பத்தொன்பதாம் வருஷத்தது. கப்பலில் வந்தபோதே அதில் ஒரு வால்வு ரேடியோ இருந்தது; இரண்டு இரும்புப் பெட்டி, ஏகப்பட்ட கனம், பாட்டரியை உறிஞ்சிக் குடித்துவிடும். போன வாரம் நிலக்கோட்டையில் ஒரு பிரசவத்துக்குப் போன இடத்தில் டிரைவர் இஞ்ஞாசி ரேடியோவை அணைக்க மறந்துவிட்டான். விடியற்காலையில் வண்டி உயிர் இல்லாமல் கிடக்க, மல்லிகைக் கூடையோடு சந்தைக்குப் போனவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தள்ளிவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர் செட் ஒன்று மாட்ட வேண்டும் என்றார் டாக்டர்.

"நீயே செய், மூக்கையா. கண்ணாடியை ஏத்திக்கிட்டு எம்புட்டு நேரம் வேணும்னாலும் உள்ள உக்காரு. சளியில இப்பக் கிருமி கெடையாது."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் காதில் விழும்படிதான் சொன்னார். மூக்கையாவுக்கு அது புரிந்தது. இந்த ஒரு வண்டி சுத்தமாகப் பாடிவிட்டால், டாக்டரே நம்பிக் கொடுத்தார் என்ற பேச்சோடு மற்ற வண்டிகளும் திரும்பிவிடும். இதில் ஒரு குறை வந்தால் கடைச் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை முழுக்க, டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டில் பழையதைக் கழற்றினார். பழைய செட் இருந்த ஓட்டைக்குப் புதியது சின்னது. அலுமினியத் தகடு வெட்டி, விளிம்பில் மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் அரம் போட்டுப் பொருத்தினார். அந்தக் காரில் பாட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். புது வண்டிகளில் மைனஸ். அதைப் பார்க்காமல் இணைத்தால் டிரான்சிஸ்டர் கண் இமைப்பதற்குள் கருகும். செட்டின் பின்னால் இருந்த செருகை அதற்குத் தக்கபடி மாற்றி, இரண்டு தடவை சரிபார்த்த பிறகே கரண்ட் கொடுத்தார். திருச்சி நிலையம் கண்ணாடி மாதிரி வந்தது. டைனமோவில் வழக்கம்போல் ஒரு கண்டென்சர் மாட்டினார். இன்ஜினை ஓட்டியபோது படபடப்பு இல்லை; பழைய செட்டுக்காகப் பொறி ஒயர்களில் போட்டிருந்த தடுப்பே அதற்குப் போதும்.

பிறகு கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடினார். மெல்லிசாக ஒரு விசில் இருந்தது.

இஞ்ஞாசியிடம் இன்ஜினை முறுக்கச் சொன்னார். விசில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அப்படியானால் டைனமோ இல்லை. பொறி உண்டாக்கும் காயிலில் ஒரு கண்டென்சர் போட்டார், போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்டர் குடும்பம் கோயிலுக்கு நடந்தே போய்வந்தது. வண்டி ஷெட்டிலேயே நின்றது. வைப்பர் மோட்டாரில் ஒன்று, பெட்ரோல் பம்பில் ஒன்று. பானெட்டைப் பாடியோடு சேர்த்துச் செம்புப் பட்டை வைத்து இறுக்கினார். விசில் அப்படியே இருந்தது.

இஞ்ஞாசிக்குப் பொறுமை போய்விட்டது. அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்பதை நாலாவது தடவையாகச் சொன்னான்.

"ஒனக்கு ஹாரன் சத்தந்தான் கேக்கும்" என்றார் மூக்கையா.

"வத்தலக்குண்டு ரோட்டுல பஸ் வாரத நான் வளைவுக்கு முன்னாடியே சொல்லிருவேண்ணே. இதுல ஒண்ணுமில்ல. நீங்க இல்லாத பேய விரட்டிக்கிட்டு இருக்கீக."

திங்கட்கிழமை டாக்டர் வாடகை வண்டியில் ரவுண்டு போனார். மூக்கையா டைனமோவின் பெல்ட்டையே கழற்றிவிட்டுக் கேட்டார். செட்டை வெளியே இழுத்து உள்ளே ஒவ்வொரு ஈயப் பற்றையும் பார்த்தார். மத்தியான வெயிலில் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கடைசியாக, செய்யக் கூச்சப்பட்ட ஒரு காரியத்தைச் செய்தார். பாட்டரி ஒயரைக் கழற்றினார். கழற்றிய முனையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

விசில் இருந்தது.

ஒயரைப் பார்த்தார். பாட்டரியைத் தொடாமல் அவர் கையில்தான் இருந்தது. உள்ளங்கைகளால் இரண்டு காதையும் பொத்தினார். விசில் இன்னும் தெளிவாக வந்தது.

வீட்டுச் சுவர் ஞாபகம் வந்தது. தை பிறந்ததிலிருந்து படுக்கப் போகும்போது ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. சுவரில் இருந்த சந்து ஒவ்வொன்றையும் சுண்ணாம்பு குழைத்து அடைத்தார். கூடத்துச் சுவர் முழுக்க வெள்ளைத் திட்டாக ஆன பிறகும் வண்டு நிற்கவில்லை. ஒச்சாயியிடம் கேட்டபோது, மில்லில் மிஷின் சத்தம் கேட்ட காதுக்கு வண்டெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

ஊசி போடும் கம்பவுண்டரும் ஞாபகத்துக்கு வந்தார். ஊசி ஏற்றுவதற்கு முன்னால், தலை சுற்றுகிறதா, காதில் இரைச்சல் உண்டா என்று அவர் கேட்பார். முதல் மாதத்தில் ஒரு நாள் மூக்கையா, என் காதைப் பற்றி என்னிடமே கேட்கிறீர்களா என்று சிரித்திருந்தார். கம்பவுண்டரும் சிரித்தார். அப்புறம் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. அது எதற்கான கேள்வி என்று இப்போதுதான் புரிந்தது: ஊசி காதைத் தின்னும்.

ரேடியோவில் குறை ஒன்றுமில்லை. இஞ்ஞாசிக்குச் சுத்தமாகத்தான் கேட்கிறது. டாக்டருக்கும் அப்படியே கேட்கும். பெல்ட்டை மாட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் யாருக்கும் தெரியாது. நாளைக்கே வண்டிகள் வரும். சொன்னால், காசக்காரன் என்ற பெயர் போன இடத்தில் செவிடன் என்ற பெயர் வந்து உட்காரும். ஆனால் சொல்லாவிட்டால் நாளைக்குக் காலையில் மறுபடியும் அந்த ஊசி. இன்னும் பதினெட்டு ஊசி பாக்கி இருந்தது.

ஊசியை நினைத்துக் கொஞ்சம் பயந்தார். அதைவிடவும், கேட்டுப் பார்க்க முடியாத ஒரு செட்டைக் கேட்டுப் பார்த்தேன் என்று சொல்லி நீட்டுவது அவரால் ஆகாத காரியமாக இருந்தது.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். மூக்கையா பாட்டரி ஒயரை மாட்டிவிட்டு, அவரைக் காருக்குள் உட்காரச் சொல்லி ரேடியோவைப் போட்டார்.

"செத்த நேரம் கேளுங்கய்யா. விசில் ஏதும் வருதா?"

டாக்டர் தலையைச் சாய்த்துக் கேட்டார். நன்றாக இருப்பதாகச் சொன்னார். பழையதைவிட எவ்வளவோ மேல் என்றார்.

"எனக்கு வருதுங்கய்யா" என்றார் மூக்கையா. எட்டி ரேடியோவை அணைத்தார். "இப்பவும் வருது."

டாக்டர் வண்டியைவிட்டு இறங்கி, கைக்கடிகாரத்தைக் கழற்றினார். மூக்கையாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனார். வலது காதில் ஒட்டி வைத்த பிறகுதான் மூக்கையா கையைத் தூக்கினார். இடது காதில் ஒட்டி வைத்தும் தூக்கவில்லை.

எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டார். தையிலிருந்து, வீட்டில் சில்வண்டு என்று நினைத்ததாக மூக்கையா சொன்னார். கம்பவுண்டர் கேட்கவில்லையா என்றதற்கு, அவர் கேட்டதாகவும் தான்தான் வாயை அடைத்துவிட்டதாகவும் சொன்னார்.

"நானும் கேட்டிருக்கணும்" என்றார் டாக்டர். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். "இன்னையோட ஊசி வேண்டாம்."

"அப்ப நெஞ்சு?"

"மாத்திரையில போவோம். நாளாகும். மூணு மாசங்கழிச்சுப் படம் எடுத்தாத்தான் தெரியும்."

"காது?"

"போனது வராது, மூக்கையா. மிச்சம் நிக்கலாம். நிக்கும்னு என்னால சொல்ல முடியல."

டாக்டர் வீட்டுக்குள் போனார்.

மூக்கையா பெல்ட்டை மாட்டினார். இன்ஜினை ஓட்டச் சொல்லி, இல்லாத விசிலுக்காக மாட்டியவற்றைக் கழற்றத் தொடங்கினார். வேண்டாத சாமான் ஒன்று வண்டியில் இருப்பது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் உள்ளே இருந்த இஞ்ஞாசியிடம், "இப்ப?" என்று கேட்டார். அவன் ஒன்றுமில்லை என்றான். பெட்ரோல் பம்பு, வைப்பர், காயில், செம்புப் பட்டை. எல்லாவற்றுக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் சொன்னதெல்லாம் ஷெட்டு வாசலில் நின்றிருந்த அவன் காதிலும் விழுந்திருந்தது. நேற்றுப் பேசியது மாதிரி அவன் பேசவில்லை.

டைனமோவில் இருந்தது மட்டும் மிச்சம். அது வேண்டும் என்று மூக்கையாவுக்குத் தெரியும். இருந்தும் அதையும் கழற்றினார்.

"இப்ப?"

"இப்ப வருதுண்ணே" என்றான் இஞ்ஞாசி. "மெல்லிசா. முறுக்குனா ஏறுது."

மூக்கையா முன்கதவைத் திறந்து, வலது காதை ஸ்பீக்கர் வலைமேல் வைத்தார். இஞ்ஞாசி ஆக்ஸிலரேட்டரை மிதித்தான், விட்டான், மறுபடியும் மிதித்தான். திருச்சியில் யாரோ விதை நெல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறி இறங்கும் விசில் எதுவும் மூக்கையாவுக்குக் கேட்கவில்லை. ஏறாமல் இறங்காமல் இருந்த அந்த ஒன்றுதான் கேட்டது.

எழுந்து போய் டைனமோவில் கண்டென்சரை மறுபடியும் வைத்தார். திருகாணியை முடுக்கும்போதே தலையைத் தூக்காமல் கேட்டார்.

"நின்னுருச்சா?"

"இன்னங் கொஞ்சம் முடுக்குங்கண்ணே" என்றான் இஞ்ஞாசி. செத்த நேரம் கழித்து, "நின்னுருச்சு" என்றான்.

மூக்கையா இன்னும் கால் திருகு திருகிவிட்டு, பானெட்டை மூடினார்.