கண்ணாடிக்குக் கண் இல்லை

காரின் ஜன்னல் கண்ணாடி மோட்டார்களைப் பழுது பார்க்கிறவனுக்கு, நாளில் பாதி நேரம் பொத்தானை அமுக்கிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதிலேயே போய்விடும். கண்ணாடி மெல்ல மேலே வரும். எதிர்வீட்டு மாடியும், அங்கே உலர்கிற சாய நூலும், தூரத்துக் கோபுரமும் அதில் ஒவ்வொன்றாக ஏறும். இறக்கினால் எல்லாம் கதவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஷார்ஜாவில் பல வருஷம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே கண்ணாடியில் வெறும் வானம்தான் ஏறி இறங்கும். ஊருக்குத் திரும்பி, பெரிய காஞ்சிபுரத்தில் கடை போட்ட பிறகு வேலை அதேதான், வேடிக்கை கூடிவிட்டது. பாதியில் நின்றுபோன கண்ணாடியோடு மழையில் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். நாமெல்லாம் ஒரே சாதிக்காரர்கள்.

நாலு கதவுக்கும் ஆட்டோ

தனசேகர் கல்யாண சவாரி ஓட்டுகிறவர். பழைய கார். மனைவி செல்வி வீட்டிலேயே தறி நெய்கிறாள். ஒரே மகள் கயல், இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. கடைக்கு வந்த அன்றும் கயல் பின் சீட்டில் மண்டியிட்டு, ஜன்னலுக்கு வெளியே கழுத்தை நீட்டி, தெருவில் போகிற மாட்டோடு பேசிக்கொண்டிருந்தாள்.

தனசேகருக்கு நாலு கதவுக்கும் 'ஆட்டோ' வேண்டும். ரிமோட்டில் பூட்டினால் கண்ணாடி நாலும் தானாக ஏறிக்கொள்ள வேண்டும். கண்ணாடியை ஏற்ற மறந்து, மழையில் கல்யாணப் பட்டு நனைந்துபோனதற்கு வாங்கிய ஏச்சு அவருக்கு இன்னும் ஆறவில்லை. தானாக ஏறுகிற கண்ணாடிக்கு, நடுவில் கை பட்டால் தானாக இறங்கவும் தெரிய வேண்டும், வண்டி விதியே அப்படித்தான் என்றேன். இதற்காகக் கதவுக்குள் மாட்டுகிற சின்னக் கறுப்புப் பெட்டிக்கு ஏற்றத்தான் தெரியும். பள்ளியில் தமிழும் உருதும் படித்தவன் நான். தமிழில் குருடு, உருதில் அந்தா, எந்த மொழியில் சொன்னாலும் இந்தக் கண்ணாடி அதுதான். மகளைக் காட்டி, மாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது தனசேகர் சொன்னார்: "ஆட்டோன்னா அதுவே பாத்துக்கும் பாய். அதுக்குத்தானே ஆட்டோன்னு பேரு வெச்சிருக்கான்?"

தார்க்குச்சிப் பரீட்சை

கொஞ்ச நாளில் அவரே திரும்பி வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. வேறு கடையில் மாட்டிவிட்டாராம். எனக்குக் காட்டத்தான் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தார்க்குச்சியை எடுத்தார். குறுக்கே நெய்கிற ஊடை நூலைச் சுற்றி, தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சி. செல்வியின் தறியிலிருந்து வந்திருக்கும். அதை ஜன்னல் இடுக்கில் வைத்து ரிமோட்டை அமுக்கினார். கண்ணாடி ஏறியது, குச்சியில் முட்டியது, நின்றது. பார்த்தீர்களா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

நின்றது, இறங்கவில்லை, குச்சியை உருவிப் பாருங்கள் என்றேன். உருவ முடியவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு வாழைப்பழம் வாங்கி, அதே இடத்தில் வைக்கச் சொன்னேன். கண்ணாடி அவசரமே இல்லாமல், தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல மேலே போய் மூடிக்கொண்டது. பழத்தின் பாதி உள்ளே சீட்டில் விழுந்தது, பாதி என் செருப்பின்மேல்.

தனசேகர் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பழம் வேற, கொழந்த வேற பாய்."

எடை தெரியாத கண்ணாடி

எல்லா விதியும் பார்த்துக் கட்டிய புது காரிலும் கூத்து உண்டு. ஒரு காலையில், கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழியில் ஒரு கார் என் கடை முன் நின்றது. மணப்பெண்ணின் முந்தானை ஜன்னல் இடுக்கில் சிக்கி, அரை முழம் ஜரிகை வெளியே கொடிபோலப் பறந்துகொண்டிருந்தது. பதற்றத்தில் டிரைவர் பொத்தானைத் திரும்பத் திரும்ப மேல்பக்கமே இழுத்துவிட்டிருந்தார். நான் இறக்கி, முந்தானையை விடுவித்துக் கொடுத்தேன். கை வைத்தால் இறங்கும், பட்டு வைத்தால் இறங்காது. மோட்டார் உணர்கிற அளவுக்குத் துணி தடுக்காதும்மா என்று விளக்கினேன்.

மணப்பெண் கசங்கிய ஜரிகையைத் தடவிக்கொண்டே சொன்னது: "எடை பாத்து வாங்கின பொடவ அங்கிள். உங்க கண்ணாடிக்கு மட்டும் எடை தெரியலையா?"

கூரம் போன நாள்

செல்வி என் கடைக்கு வந்தது ஒரே முறைதான். தனசேகரும் உடன் வந்திருந்தார். அவள் வலது முன்கையில் குறுக்கே ஒரு நீலக் கோடு, நேராக, அளவு வைத்துப் போட்டதுபோல.

சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குக் கூரம் போயிருக்கிறார்கள். கயல் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். தனசேகர் இறங்கி முன்னால் நடந்தார். செல்வி பையை எடுத்துக் கீழே வைத்து, முன் கதவைச் சாத்தினாள். அடுத்தது குழந்தையைத் தூக்க வேண்டியதுதான். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே, பழக்க தோஷத்தில் தனசேகர் ரிமோட்டை அமுக்கியிருக்கிறார். கண்ணாடி நாலும் சேர்ந்து ஏறின. கயல் எப்போது விழித்தாளோ, மண்டியிட்டு, கழுத்தை வெளியே நீட்டி அம்மாவைக் கூப்பிட்டாள். செல்வி தன் கையை மகளின் கழுத்துக்குக் கீழே, ஏறிவருகிற கண்ணாடிக்குமேல் கொடுத்தாள். கண்ணாடி அந்தக் கையில் முட்டி நின்றது. தனசேகர் ஓடிவந்து, சாவியைப் போட்டு இறக்குகிறவரை அழுத்திக்கொண்டே நின்றது. குழந்தைமேல் ஒரு கீறல் இல்லை. கயல்தான் அம்மாவின் கையை எடுக்கச் சொன்னாளாம், கழுத்தில் உறுத்துகிறது என்று.

நான் கதவுப் பலகையைக் கழற்றி, அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை வெளியே எடுக்கிறவரை செல்வி பக்கத்திலேயே நின்றாள். நாடா தள்ளுகிற கை அது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாள். கயல் என் ஸ்டூலில் உட்கார்ந்து, கதவிலிருந்து எடுத்துவைத்த கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மாடு ஒன்று மிதந்துபோனது.

பெட்டியைக் கையில் கொடுத்தேன். செல்வி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடமும் இல்லாமல், புருஷனிடமும் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "எங்க அக்கா வூட்ல பவர்லூம் ஓடிக்கினு இருக்குது. ஊடையில ஒரு இழை அறுந்தா தறி தானா நின்னுடும். ஒரு இழைக்கே நிக்குதுபா."

யோசித்துப் பார்த்தால், நடக்காமல் போகிற விபத்துகளைத்தான் நான் விற்றுக்கொண்டிருக்கிறேன், வாங்கிப்போனவர்கள் யாரும் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை.