நாய்ப் பயிற்சிப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் பட்டறை

என் கணவர் ஸ்பிரிங் செய்கிறவர். கசார்வாடியில், பழைய மும்பை ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கூரை போட்ட பட்டறை. தொண்ணூறுகளின் நடுவில் கல்யாணமாகி நான் மதுரையிலிருந்து புனேவுக்கு வந்தபோது, மாப்பிள்ளை சொந்தத் தொழில் செய்கிறார் என்று மட்டும்தான் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். முதல்முறை பட்டறையைப் பார்த்துவிட்டு, "கம்பியைச் சுருட்டுற வேலையா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு பேனாவைக் கழற்றி, உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை என் உள்ளங்கையில் வைத்து, "இது இல்லாம எழுது பாப்போம்" என்றார்.

அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே புனேவில், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அதனால் கணவர் பேசும் தமிழில் வேலூர் பாதி, மீதியை இந்தியும் மராத்தியும் பங்கு போட்டுக்கொள்ளும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, தமிழ்க் காலண்டரில் படத்தைப் பார்த்துப் பண்டிகையைக் கண்டுபிடிப்பார். நான் பிம்ப்ரியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தைரியத்தில்தான் இரண்டாயிரத்துக்குப் பிறகு பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்தேன். ஐந்து பக்கம். முகப்பில் ஒரு ஸ்பிரிங் சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும். அது இன்று கண்ணில் பட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

"நல்லாத்தான் கீது. ஆனா இதை யாரு பாப்பான்?" என்றார் கணவர்.

யாரும் பார்க்கவில்லை. தேடுபொறியில் 'ஸ்பிரிங்', 'புனே' என்று இரண்டு சொல்லையும் தட்டிப் பத்துப் பக்கம் தாண்டியும் நாங்கள் அகப்படவில்லை. இணையத்தில் தேடிப் படித்தபோது காரணம் புரிந்தது. மற்ற தளங்கள் நம் தளத்துக்கு லிங்க் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு லிங்கையும் தேடுபொறி ஒரு சிபாரிசாக எடுத்துக்கொள்ளும். சிபாரிசு கூடக்கூட நாம் மேலே வருவோம்.

இதைக் கணவருக்கு விளக்க அரை நிமிடம்தான் ஆயிற்று. "இதுல இன்னா புதுசு? போசரி எஸ்டேட்டே அப்பிடித்தான் ஓடுது. நாலு பேரு நல்ல வார்த்தை சொன்னா ஆர்டர் வரும்" என்றார். மறுநாளே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த போசரி தொழிற்பேட்டைக்குப் போய், பெண் கேட்கிற மாதிரி ஒவ்வொரு பட்டறையாக லிங்க் கேட்டுவிட்டு வந்தார். ஒரே ஒருவரிடம்தான் வெப்சைட் இருந்தது. அதன் பாஸ்வேர்ட் வேலையை விட்டுப் போன ஒருவரிடம் இருந்தது. அவர் துபாயில் இருந்தார்.

ஆகவே முகம் தெரியாதவர்களிடம் கேட்பது என் வேலையாயிற்று. ஒரே கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பினேன். 'உங்கள் தளத்தை முழுவதும் படித்தேன், மிகவும் ரசித்தேன். உங்கள் லிங்கை எங்கள் பக்கத்தில் போட்டுவிட்டேன். எங்களுடையதை நீங்களும் போட்டால் மகிழ்வேன்.' இதில் போட்டது மட்டும் உண்மை. படித்ததும் ரசித்ததும் பொய்.

அப்போது டயல்-அப் இணைப்பு. நான் நெட்டில் உட்கார்ந்தால் போன் வேலை செய்யாது. "நீ ஊரு உலகத்துக்கெல்லாம் லெட்டர் போட்டுக்கினு கீற. போசரிக்காரன் ஆர்டர் குடுக்க போன் பண்ணா என்கேஜ்னு வருது" என்று கணவர் குறைபட்டுக்கொண்டார். அதில் நியாயம் இருந்தது. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பதில் போட்டவர்கள் எல்லாரும் என்னைப் போலவே லிங்குக்கு அலைகிறவர்கள். ஸ்பெயினில் ஒரு ஹோட்டல், பட்டம் விற்கிற ஒருவர், ஸ்பிரிங் என்றால் வசந்த காலம் என்று நினைத்துக்கொண்ட ஒரு தோட்டக்காரர், ஆஸ்திரேலியாவில் நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்மணி. எங்கள் லிங்க் பக்கம் நீண்டுகொண்டே போயிற்று. சில மாதங்களில் தேடுபொறியில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். அன்று கணவர் பட்டறை முழுவதற்கும் வடா பாவ் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே நாங்கள் எத்தனையாவது இடம் என்று என்னைப் பார்க்கச் சொல்வார். ஒரு ஃபாக்டரியின் கொள்முதல் அதிகாரி பட்டறைக்கு வந்து, சிரிக்காமல், "நாய் ட்ரெய்னிங்கும் இங்கேயேதானா?" என்று இந்தியில் கேட்டுவிட்டுப் போனதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் நாங்கள் காணாமல் போனோம். முதல் பக்கத்திலும் இல்லை, பத்தாம் பக்கத்திலும் இல்லை. நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன் என்று மாற்றிக்கொள்ளும் லிங்கைத் தேடுபொறி இனிமேல் சிபாரிசாக மதிக்காது என்று இணையத்தில் பேசிக்கொண்டார்கள். கணவரிடம் சொன்னேன். "கரெக்ட்தானே. போசரிலயும் மச்சானுக்கு மச்சான் சொல்ற சிபாரிசை எவனும் நம்ப மாட்டான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. இவரோ தேடுபொறியின் கட்சி.

லிங்க் பக்கத்தை அழித்தேன். அழித்ததைச் சொல்லாமல் விடுவது மரியாதையில்லை என்று எல்லாருக்கும் ஒரு வரி எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை, நாய்ப் பயிற்சிப் பெண்மணியைத் தவிர. வருத்தமில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் ஒரு சந்தேகம்: 'என் தளத்தை மிகவும் ரசித்ததாக எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷப்பட்டேன். எந்தப் பகுதி பிடித்தது என்று சொல்ல முடியுமா?'

நான் கடிதத்தை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். மூன்று நாள் இப்படி. கடைசியில் கணவரிடம் சொன்னேன்.

"ஏங்க, அந்தம்மா எது பிடிச்சதுன்னு கேக்குறாங்க."

"சொல்லு."

"நான் படிக்கவே இல்லைங்க."

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது. "இவ்ளோ நாளு என்னைத்தான் படிக்காதவன்னு சொல்லிக்கினு இருந்த. போ, போயி படி" என்றார்.

படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். சைக்கிளைத் துரத்தும் நாய்களைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் சந்து முனையில் ஒரு செம்பட்டை நாய் இருந்தது. அது வேறு யாரையும் ஒன்றும் செய்யாது. சாயங்காலம் என் கணவர் ஸ்கூட்டரில் வரும்போது மட்டும் வீட்டு வாசல் வரை துரத்திக்கொண்டு வரும். அவர் இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில் பக்கம் வைத்துக்கொண்டு வருவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த நேரத்துக்குத் துணி எடுக்க வெளியே வருவார்கள்.

அந்தப் பக்கம் சொன்னது இதுதான். நாய் துரத்துவது ஓடுகிற பொருளை. ஆகவே ஓடாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள். நாயின் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். அது மோந்து பார்க்கட்டும். ஏதாவது தின்னக் கொடுத்துவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். தினமும் செய்யுங்கள்.

"உனக்கு லிங்க் போச்சுன்னு என் காலு போவணுமா?" என்றார். ஆனாலும் சட்டைப் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு போனார். முதல் நாள் வண்டியை நிறுத்தினாரே தவிர, இறங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே சந்து முனை மாருதி கோயில் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாய் குழம்பிப்போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது வாரம் அவர் வண்டியை நிறுத்தாவிட்டால் அது கோபித்துக்கொண்டு குரைக்க ஆரம்பித்தது. துணி எடுக்க வரும் கூட்டம் குறைந்தது.

அந்தப் பெண்மணிக்கு உண்மையை எழுதினேன். அப்போது படிக்கவில்லை, பொய் சொன்னேன், மன்னியுங்கள். இப்போது படித்தேன், என் கணவரின் கால்கள் தரைக்கு வந்துவிட்டன என்று. இருபது வருடமாக நாய்களைப் பழக்குவதில் இத்தனை சந்தோஷமான கடிதம் வந்ததில்லை என்று அவர் பதில் எழுதினார். கூடவே ஒரு கேள்வி. நாய்கள் வெளியே போகாமல் கேட்டைத் தானாக மூடும் ஸ்பிரிங் உடைந்துவிட்டது. புதிது வாங்க எதை எப்படி அளப்பது? கடைக்காரர் கேட்பது எதுவும் அவருக்குப் புரியவில்லையாம்.

கணவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"நுணுக்கமா அளக்குற வெர்னியர் இல்லாட்டி பரவால்ல. இஸ்கேல் போதும். சுருளு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீற எடமா பாத்து பத்து சுத்து எண்ணச் சொல்லு. அதோட நீளத்தை அளந்து பத்தால வகுத்தா கம்பியோட தடிமன். இழுத்துப் போன எடத்துல அளக்கக் கூடாது. வெளி அகலம், மொத்தம் எத்தினி சுத்து, ரெண்டு முனையிலயும் கொக்கி எப்பிடி வளைஞ்சிக்கினு கீது, இவ்ளோதான்."

மதுரைத் தமிழில் ஒருமுறை யோசித்து, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அவர் ஊர்க் கடையிலேயே சரியான ஸ்பிரிங் கிடைத்துவிட்டது. எங்களுக்கு அதில் ஒரு வியாபாரமும் இல்லை. எழுதியதை வீணாக்குவானேன் என்று எங்கள் தளத்தில் ஒரு பக்கமாகப் போட்டேன். அந்தப் பெண்மணி, நான் கேட்காமலே, கேட் பற்றிய தன் கட்டுரையில் அதற்கு லிங்க் கொடுத்தார். அதைப் பார்த்துப் பழைய தையல் மெஷின் பழுதுபார்ப்பவர் ஒருவர் கொடுத்தார். பிறகு மோட்டார் சைக்கிள்காரர்களின் குழு ஒன்று. நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. அரை வருடம் போல ஆன பிறகு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தோம். நாசிக்கிலிருந்தும் கோலாப்பூரிலிருந்தும் போன் செய்கிறவர்கள் பத்துச் சுற்றின் நீளத்தைக் கையோடு சொன்னார்கள். கணவர் பட்டறைக்கு வருகிறவர்களிடம், "வெப்சைட்டு நான்தான் எழுதினேன்" என்று சொல்லத் தொடங்கினார். நான் மறுக்கவில்லை.

செய்தி போசரியில் பரவி, இரும்பை அடித்து உருவாக்கும் பட்டறை வைத்திருந்த ஒரு மராத்திக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "வஹினி, எனக்கும் லிங்க் வாங்கிக் குடுங்க" என்றார். வஹினி என்றால் அண்ணி. நான் நோட்டைப் பிரித்து, வாடிக்கையாளர்கள் போனில் அவரிடம் அடிக்கடி கேட்டுத் தொல்லை செய்யும் கேள்வி எது என்று கேட்டேன். லிங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு யோசித்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரும்பை எவ்வளவு சூட்டில் எடுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.