அடிச்ச கையும் ஸ்கேன் பார்த்த நாளும்

சபையில எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கித் துதிக்கும்போது, ஏழு மாசமா நான் ஒத்தக் கையத்தான் தூக்கினேன். வலது கை நெஞ்சுக்கு மேல ஏறல.

"பாவத்த ஒளிச்சு வச்சிருக்கா"ன்னு பின்னால பேசினாவ. கோவம் வந்துச்சு. ஆனா நானும் அப்படித்தான் நம்பினேன். பிடிச்ச பையனக் கட்டிக்கிடுதேன்னு எம் மக எஸ்தர் சொன்ன அன்னைக்கு, தெருவே பாக்க இந்தக் கையாலதான் அவ கன்னத்துல ஓங்கி அடிச்சேன். அவ கயத்தாறுல அவனோட குடும்பம் நடத்துதா. எங்கிட்டப் பேசல. மூணு மாசத்துல என் தோளு பிடிச்சுக்கிட்டு.

கர்த்தர் அடிச்ச அடிக்கு மாத்திரையான்னு ஆஸ்பத்திரிக்கே போகல. தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்க முடியல. தலை சீவ முடியல. "ஆண்டவரே, இது தண்டனைதானா? ஒரு வார்த்த சொல்லும்"னு அழுது அழுது கேட்டேன்.

போன பங்குனியில வலி தாங்காம கத்தினேன். பக்கத்து வீட்டு ராஜாத்தியக்கா ஆட்டோ பிடிச்சு இழுத்துட்டுப் போனாவ. டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கணும்னாவ.

"ஐயோ, அது வயித்துப்பிள்ளைக்குல்லா எடுப்பாவ?"

அவிய சிரிச்சுக்கிட்டே தோள்ல குளுகுளுன்னு பசையத் தடவி, கருவிய வச்சு நகத்தினாவ. திரையில வெள்ளையா ஒரு கட்டி.

"தசைநார்ல சுண்ணாம்புச்சத்து படிஞ்சிருக்கும்மா."

"பிள்ளைய அடிச்சதுனாலயா?"

என் முகத்தையே பார்த்தாவ. "இல்லம்மா. இது யாருக்கும் வரும்."

கேட்ட பதில் கிடைச்சுட்டு. அங்கனயே விம்மி விம்மி அழுதேன். சந்தோஷத்துல அழுதேன்னு அக்கா நினைச்சாவ. இல்ல. வலிக்கும்போதெல்லாம், அடிச்சதுக்கு அனுபவிச்சுட்டோம், சரியாப் போச்சுன்னு ஒரு ஆறுதல் இருந்துச்சு. அதுவும் போச்சு. நான் பட்ட பாட்டுல எம் பிள்ளைக்கு ஒண்ணும் தீரல.

ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஊசி குத்தி, அந்தச் சுண்ணாம்பக் கழுவி எடுத்தாவ. ரெண்டு மாசப் பயிற்சியில கை நல்லா ஏறிட்டு. ஸ்தோத்திரம்!

கயத்தாறுக்கு பஸ் ஏறினேன். அவ வாசல்ல நின்னு, "தப்பு பண்ணிட்டேன் தாயி, மன்னிச்சிரு"ன்னேன். அவ கன்னத்தத் தொடணும்னு கையத் தூக்கினேன். எம் பிள்ள சட்டுன்னு முகத்த மறைச்சுக்கிட்டா. ஐயோ, என் ஆண்டவரே!

சகோதர சகோதரிகளே, வலின்னா மறைக்காம வைத்தியம் பாருங்க. அந்த டாக்டரம்மா வாயாலயும் கர்த்தர்தான் பேசினாரு. யாரையாவது அடிச்சிருந்தீங்கன்னா, கர்த்தர் தண்டிப்பாருன்னு உக்காந்திராதீங்க. நீங்களே போய் மன்னிப்புக் கேளுங்க. போறதுக்குக் கால்ல பெலன் தருவாரு, நம்புங்க.

நான் வாராவாரம் போறேன். கையக் கட்டிக்கிட்டு வாசல்லயே நிக்கேன். போன வாரம் ஒரு செம்பு தண்ணி கொண்டாந்து கீழ வச்சா. அந்தத் தண்ணிக்காக என் தேவனுக்கு ஸ்தோத்திரம்.