சாச்சாவின் குளிசைகள்

சாச்சாவுக்கு முதல் வலிப்பு வந்தது எங்கள் சாய்ந்தமருது வீட்டில், பகல் சோற்றின்போது. சாச்சா என்றால் உம்மாவின் தங்கையைக் கட்டியவர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரும் கொரியாவில் ஐந்து வருசம் உழைத்துவிட்டு வந்து, சாச்சியைக் கட்டி எங்களோடு இருந்தார். எனக்கு ஒன்பது வயது. கணக்குப் பாடத்துக்கும் மாங்காய் பறிக்கவும் எனக்கு அவர்தான் கூட்டு.

மஃரிபு நேரம், பொழுது படும்போது, கடற்கரையில் நின்றதால் ஜின் பிடித்திருக்கிறது என்றார்கள். ஓதி ஊதினார்கள், நூல் கட்டினார்கள். ஜின் எதற்கும் மசியவில்லை. நாலாம் வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மட்டக்களப்புக்குக் கொண்டுபோகப் புத்தி வந்தது. என்னையும் கூட்டிப்போனார்கள்.

ஸ்கேன் படத்தில் மூளைக்குள் அரிசி மணி போல வெள்ளைப் புள்ளிகள். டொக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அது நாடாப்புழுவின் குஞ்சு. பன்றி இறைச்சி தின்பவர்களின் குடலில் அந்தப் புழு வளரும். அப்படி ஒருவர் கை கழுவாமல் தொட்ட சாப்பாட்டில் முட்டை ஒட்டியிருந்தால், பன்றியைக் கண்ணாலும் காணாத ஆளுக்கும் அது மூளைக்கு ஏறும். இங்கே அபூர்வம், ஆனாலும் மருந்து இருக்கிறது. வலிப்பு நிற்கப் போடும் குளிசையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. இவ்வளவும் சொன்னார். எங்கள் வீட்டார் காதில் விழுந்தது பன்றி மட்டும்தான். சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நோயாளியைப் பார்க்கப் போவது நன்மை. நன்மை தேடி ஊரே வந்தது, பிஸ்கட் பெட்டியும் கேள்வியுமாக. நரம்புத் தளர்ச்சி என்று சொல்ல என்னையும் பழக்கியிருந்தார்கள். குளிசைப் பெட்டியின் லேபலைச் சாச்சி கிழித்துவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவர் எங்கள் ஊர்க்காரர். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஒரு கல்யாண வீட்டில் சாச்சா சகனில் உட்கார்ந்தார். ஒரே தட்டில் ஆறு பேர் கைவைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அவரோடு உட்கார வேண்டிய ஐந்து பேரும் கிட்ட வரவில்லை. அந்தப் பெரிய தட்டின் முன்னால் தனியாக இருந்துவிட்டு, கை கழுவி எழும்பி வந்தார்.

அன்று பின்னேரம் நான்தான் கேட்டேன்.

"சாச்சா, நீங்க பண்டி திண்டீங்களா?"

"இல்ல மகள். அல்லாஹ் மேல சத்தியம். அஞ்சு வருசமும் சோறும் முட்டையும்தான்."

"அப்ப என்னத்துக்குக் குளிசை போடுறீங்க?"

அவர் குளிசைப் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ என்னை நம்புறியா?" என்றார்.

"ஓம் சாச்சா."

அடுத்த நாள் காலையில் அவர் குளிசையைக் கிணற்றடி மண்ணில் புதைப்பதைக் கண்டேன். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துச் சிரித்தார். ஒவ்வொரு காலையும் அதுவே நடந்தது. இப்படி ஒரு ரகசியம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் தொழமுன் கைகால் கழுவி உளூச் செய்யும் தொட்டிக்குள் வலிப்பு வந்து விழுந்தார். முழங்கால் அளவு தண்ணீர்தான். குத்பாப் பிரசங்கம் தொடங்கி எல்லாரும் உள்ளே இருந்தார்கள். பிந்தி வந்த ஒருவர் காணும்போது எல்லாம் முடிந்திருந்தது.

ஜனாஸாவை அடக்க ஊரே வந்தது. அந்த ஐந்து பேரும் வந்தார்கள். சாச்சி குளிசைப் பெட்டியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "ஒரு நாளும் விடாமப் போட்டாரே, பொறகும் ஏன் வந்திச்சு" என்று அழுதுகொண்டே இருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கிட்டப் போய் அவர் காதுக்குள் மெதுவாகச் சொன்னேன்: "அழாதீங்க சாச்சி. அவர் ஒண்டும் போடல்ல. அவருக்கு அந்தப் பண்டி நோயே இல்ல."

ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். சாச்சி ஏன் என்னை அப்படிப் பிடித்துத் தள்ளினார் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.