மூன்றாவது பாலத்தில் நின்றவர்

சியோக்ஹுன் டீச்சருக்குப் பயந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முப்பது வருஷம் தாய்மொழியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார்கள். வகுப்பில் யாராவது வாய்தவறி எங்கள் மின்னான் மொழியைப் பேசிவிட்டால் கழுத்தில் அட்டை மாட்டி நிற்கவைப்பாள். சீன அரசு மொழியான மாண்டரின்தான் சோறு போடும் என்பாள். வீட்டிலும் அதே சட்டம். மகன் ஜுன்ஹாவின் காதில் மின்னான் ஒரு சொல் விழக்கூடாது. அவள் கணவர் தியாம்ஹோக் படகோட்டி, மாண்டரின் அரைகுறை. பாவம் மனுஷன், வாசலில் செருப்போடு சேர்த்துப் பேச்சையும் கழற்றிவைத்தார். அவர் சிரிப்பைக் கேட்க வேண்டுமானால் படித்துறைக்குத்தான் போக வேண்டும்.

போன மாதம் அவர் சியாமென் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். வெளியூரில் செத்தவரின் ஆவியை மகன்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். வழியில் ஒவ்வொரு பாலத்திலும், பாலம் வருகிறது, கடந்து வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ஜுன்ஹாவ் ஒரு பாலம் விடாமல் சொன்னான், மாண்டரினில்.

ஏழாம் நாள் படையல் வைத்து, வந்துவிட்டீர்களா என்று கேட்டு டீச்சர் இரண்டு பிறைக் கட்டைகளைத் தரையில் போட்டாள். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் ஆமாம். மூன்று தடவையும் இரண்டும் கவிழ்ந்தே விழுந்தன. அதன்பின் அரிசி களையும்போதும் கண்ணுக்குள் அவர் எங்கோ ஒரு பாலத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையிலேயே மகனை அழைத்துக்கொண்டு பாலம் பாலமாகப் போனாள். இங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டுக் கட்டை போட்டாள். மூன்றாவது பாலத்தில் ஆமாம் என்று விழுந்தது. வீட்டுக்குப் போகலாமா என்றாள். இரண்டும் கவிழ்ந்தன.

ஈரக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் ஏன் வர மாட்டார் என்பது அவளுக்கா தெரியாது? கல்யாணத்துக்கு முன் அவருடைய படகில் அவரோடு வாயடித்த அதே மின்னானில் மெல்லச் சொன்னாள்:

"வாங்க. இனிமே வீட்டுல நம்ம பேச்சே பேசுங்க. உங்க வாய யாரும் அடைக்க மாட்டாங்க."

கட்டை போட்டாள். ஒன்று மல்லாந்தது.

குடை பிடித்து நின்ற ஜுன்ஹாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பாகிட்ட என்னம்மா சொன்னீங்க?" என்று மாண்டரினில் கேட்டான்.

டீச்சர் அவனையே பார்த்தாள். "பாலம் வருதுன்னு சொன்னேன்" என்றாள், மாண்டரினில்.

வீடுவரை அவள் முன்னால் நடந்தாள். பின்னால் இரண்டு பேர் பேசாமல் வந்தார்கள்.